போச்சு, போகட்டும்

சந்தோஷமாக இருங்கள் என்று அரசாங்கம் எங்களைக் கேட்டுக்கொண்ட முதல் ஞாயிற்றுக்கிழமை எனக்கு முட்டி வீங்கியிருந்தது. சுபைதா ஆஸ்பத்திரியில் ராத்திரி டூட்டி முடித்துவிட்டு நேராக மலைக்கு வந்திருந்தாள். கண்ணைத் திறந்தபடியே தூங்கக்கூடியவள் அவள். போஜண்ணன் மருமகளோடு ஏதோ மனஸ்தாபத்தில் காலை டீகூடக் குடிக்காமல் கிளம்பியிருந்தார். இந்த மூன்று பேர் மணிக்கட்டிலும்தான் வாரியத்திலிருந்து வந்த பெண் மகிழ்ச்சியை அளக்கும் பட்டையைக் கட்டினாள்.

அவள் பெயர் மதிவதனி. நிலப்பயன் வாரியத்தில் அளவர் வேலை. பனிக்குப் பழகாதவள் போல, காதை மூடிய குல்லாவுக்கு மேல் இன்னொரு சால்வையும் சுற்றியிருந்தாள்.

"வலிக்காதுங்க மேடம். மனசுக்கு நிஜமா ஒண்ணு பிடிச்சா ரத்தத்துல ஒரு மாற்றம் வரும். அதை இது பார்த்துக்கும். அப்ப லேசா ஒரு தடவை அதிரும். அதுக்குப் பேரு ஒரு துளி."

"பொய்யாச் சிரிச்சா?" என்றார் போஜண்ணன்.

"அதிராதுங்க சார்."

"அப்ப எங்க வீட்டுல யாருக்கும் இது வேணாம். இருக்கற நிம்மதியும் போயிடும்."

மதிவதனி சிரித்தாள். பிறகு சொல்ல வேண்டியதைச் சொன்னாள். இனிமேல் எந்தப் பொது நிலமாக இருந்தாலும், அங்கே வருகிறவர்களுக்கெல்லாம் பட்டை கட்டி, அது மக்களுக்கு எவ்வளவு நிறைவு தருகிறது என்று வாரியத்துக்குக் காட்ட வேண்டும். வருஷ முடிவில் துளிகள் போதாவிட்டால் நிலம் வேறு பயனுக்குப் போய்விடும்.

"வேற பயன்னா?" என்று கேட்டேன்.

அவள் தாடையால் எதிர்மலையைக் காட்டினாள். அங்கே வரிசையாக வெள்ளைத் தகரக் கூரைகள். குளிர்ந்த இடம் வேண்டும் என்று கீழே சமவெளியிலிருந்து கணினிகளையெல்லாம் கொண்டுவந்து அடைத்து வைத்த கிடங்குகள். பகலெல்லாம் அங்கிருந்து ஒரு ரீங்காரம் வந்துகொண்டே இருக்கும். முதலில் எரிச்சலாக இருக்கும், அப்புறம் காதுக்குப் பழகிவிடும். பழகிவிட்டதே என்பதுதான் எனக்கு வருத்தம்.

இந்தச் சட்டத்தை எழுதியவர்களைக் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன். விலையை மட்டும் பார்த்து நிலத்தைத் தூக்கிக் கொடுத்த காலத்தில், மனிதர் மனசையும் கணக்கில் எடுங்கள் என்று நல்லவர்கள் போராடி வாங்கிய சட்டம் அது. அந்த ஊர்வலத்தில் நானும் தொண்டை கட்டக் கத்தியிருக்கிறேன். கேட்டதைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

நாங்கள் நின்றிருந்த சில்லமட்டத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரியிலிருந்து ஜீப்பில் மேலே ஏறினால், தேயிலை முடிந்த பிறகு ஒரு பெரிய மேட்டுநிலம் வரும். மரம் கிடையாது. பள்ளங்களில் மட்டும் கொஞ்சம் சோலை, ஓரத்தில் இரண்டு மூன்று காட்டுப்பூவரசு. மற்றதெல்லாம் புல். முழங்கால் உயரப் புல், அதற்கடியில் விரல்நுனி அளவுப் பூக்கள், மழையைக் குடித்துவிட்டு வருஷம் முழுக்கக் கசியவிடும் கறுப்பு மண். பார்க்க வருகிறவர்கள் காடு எங்கே என்று கேட்பார்கள். இதுதான் என்றால், ஏமாந்த முகத்தோடு நாலு படம் எடுத்துக்கொண்டு போவார்கள். குறிஞ்சி பூக்கிற வருஷம் மட்டும் கூட்டம் அலைமோதும். அப்புறம் அவர்களுக்கு மலை இருக்கிற ஞாபகமே வராது.

அந்தப் புல்லுக்கு எமன், மஞ்சள் பூப் பூக்கும் ஒரு புதர். வெள்ளைக்காரர்கள் தங்கள் தோட்டத்துக்கு அழகாக இருக்கட்டும் என்று கப்பலில் கொண்டுவந்தது. அதற்கு அவர்கள் துடைப்பம் என்றே பெயர் வைத்திருந்தார்களாம். நாங்களும் அப்படியே சொல்லிவிட்டோம். ஒரு புதர் வந்தால் அடுத்த வருஷம் பத்து. அதற்கடியில் ஒரு புல் முளைக்காது. காய் வெடித்து விழுந்த விதை மண்ணுக்குள் தலைமுறைக் கணக்கில் தூங்கும்.

"வீட்டுலயும் துடைப்பம், வார்டுலயும் துடைப்பம், லீவுக்கு இங்க வந்தாலும் துடைப்பம்" என்பாள் சுபைதா. ஆனாலும் ஒரு ஞாயிறு விடாமல் வருவாள்.

எங்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. என் வீட்டுக்காரர் மரியதாஸும் நானும் வர்க்கி பிஸ்கட் சுட்டு விற்கிறவர்கள். வாரத்தில் ஆறு நாள் அடுப்பு, ஏழாம் நாள் இந்த மலை. சர்ச்சில் என்னைக் காணவில்லை என்று ஃபாதர் கேட்பதைக்கூட நிறுத்திவிட்டார். ஏன் இதைச் செய்கிறேன் என்று கேட்டால் எனக்கே சரியாகச் சொல்லத் தெரியாது. அந்தப் புல் என் கண் முன்னால் சாகக் கூடாது, அவ்வளவுதான் தெரியும்.

எங்களுக்குள் ஒரு பழக்கம் உண்டு. போஜண்ணன் அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், படுகர், வாட்டசாட்டமான ஆள். ஆரம்ப நாளில் ஒரு பெரிய துடைப்பத்தை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். அது பட்டென்று வேரோடு வந்ததும் மல்லாக்க விழுந்து, பேன்ட் பின்பக்கம் கிழிந்துவிட்டது. படுத்தபடியே வானத்தைப் பார்த்து, "போச்சு" என்றார். சுபைதா திரும்பிக்கூடப் பார்க்காமல், "போகட்டும்" என்றாள். அன்று சிரித்த சிரிப்பில் எனக்கு விலா வலித்தது. அதிலிருந்து, வேர் வெளியே வந்தால் பிடுங்கியவர் போச்சு என்று சொல்ல வேண்டும், மற்றவர்கள் போகட்டும் என்று சொல்ல வேண்டும். பனிமூட்டத்தில் ஆள் தெரியாதபோதும் அந்தக் குரல்களை வைத்தே யார் எங்கே என்று கண்டுபிடித்துவிடுவோம்.

பட்டை கட்டிய பிறகும் நாங்கள் எப்போதும் போலவே வேலை செய்தோம். ஆறு மாதம் கழித்து மதிவதனி எங்கள் கடைக்கு வந்தாள். ஒரு வர்க்கியைக் கையில் வைத்துக்கொண்டு, கடிக்காமல் நின்றாள்.

"சொல்லு தாயி" என்றேன்.

"சில்லமட்டம் மாவட்டத்துலயே கடைசிங்க மேடம். டூரிஸ்ட்டுங்ககிட்ட ஒண்ணு ரெண்டு துளி வருது, சாப்பாடு பிரிக்கும்போது. உங்க மூணு பேர்கிட்ட..."

"எங்ககிட்ட?"

"ஒண்ணுமே இல்லீங்க. உங்களது சுத்தமா காலி."

மாவுக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். நிலம் போய்விடும் என்ற பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் வந்தது அவமானம். இத்தனை வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு கணம்கூடச் சந்தோஷமாக இருக்கவில்லை என்று ஒரு பொருள் சாட்சி சொல்கிறது. என்னால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. முட்டி வலியும் முதுகு வலியும் தவிர எனக்கே வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை.

"நீங்க வேலையே செய்யாம ஒருநாள் சும்மா ரசிச்சுப் பாருங்களேன்" என்றாள் மதிவதனி. "நானும் வரேன்."

அப்படி ஒரு நாளை ஏற்பாடு செய்தோம். கடப்பாரை, கொத்து எதுவும் எடுத்துப் போகவில்லை. சுபைதா பிரியாணி செய்துகொண்டு வந்தாள். பாயை விரித்து, பள்ளத்தாக்கைப் பார்த்து உட்கார்ந்தோம். வெயில் மிதமாக இருந்தது. காற்று வீசியது. எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

"ரசிங்க அம்மிணி" என்றார் போஜண்ணன், பல்லைக் கடித்துக்கொண்டு.

"ரசிச்சுட்டுத்தாண்ணா இருக்கேன்."

பட்டை அசையவில்லை. சுபைதா சாப்பிட்டுவிட்டு அங்கேயே தூங்கிப் போனாள். தூக்கத்துக்குத் துளி கிடையாதாம். எனக்குக் கண் பள்ளத்தாக்கில் நிற்கவில்லை. இடது பக்கம் ஒரு துடைப்பம், அதற்குக் கீழே இன்னும் இரண்டு, பாறை ஓரத்தில் பூ விட்ட ஒன்று. சாப்பிட வந்த வீட்டில் அழுக்குப் பாத்திரத்தைப் பார்த்துவிட்டவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். இப்படியே பொழுது போனது. மதிவதனி தன் திரையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

கிளம்பும்போது போஜண்ணன் காலில் ஒரு துடைப்பம் தட்டியது. அவருக்குப் பொறுக்கவில்லை. குனிந்து, இரண்டு கையாலும் அடியைப் பிடித்து, குதிகாலை ஊன்றி இழுத்தார். மண் பிளந்து, பட்டென்று அந்தச் சத்தம் வந்தது.

"போச்சு" என்றார்.

"போகட்டும்" என்றோம் சுபைதாவும் நானும், பழக்கதோஷத்தில்.

மணிக்கட்டில் ஏதோ ஊர்ந்தது போல இருந்தது. பூச்சி என்று நினைத்து உதறினேன். மறுபடி ஊர்ந்தது. சுபைதாவும் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மதிவதனி ஓடி வந்தாள்.

"என்ன பண்ணீங்க? மூணு பேருக்கும் கொட்டுது. என்ன பண்ணீங்க இப்ப?"

"களை பிடுங்கினேன்" என்றார் போஜண்ணன்.

"இது வாரா வாரம் பண்றதுதானே? அப்ப ஏன் இத்தனை நாள் வரல?"

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். சுபைதாதான் சொன்னாள். "வேலை தொடங்கும்போது கழட்டி டிபன் மூடியில வச்சிருவோம். வளையல், மோதிரத்தோட சேர்த்து."

"ஏங்க?"

"அரசாங்கச் சாமான் ஆச்சே" என்றார் போஜண்ணன். "மண்ணு பட்டுக் கீறல் விழுந்தா யார் பதில் சொல்றது? டிக்கெட் மெஷினுக்குச் சட்டைத் துணியில உறை தைச்சுப் போட்டு வச்சிருந்தவன் நான்."

மதிவதனி அப்படியே புல்லில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வருஷம் சில்லமட்டம் தப்பித்தது. வாரியம் எங்களைப் பற்றிச் செய்தி வெளியிட்டது. பிடுங்கும்போது மனிதருக்குத் துளி கொட்டுகிறது என்று தெரிந்ததும் ஊர் உலகமெல்லாம் பிடுங்க வந்தது. கோயம்புத்தூரிலிருந்து வண்டி வண்டியாக வந்தார்கள். கம்பெனிக்காரர்கள், கல்லூரிக்காரர்கள், கல்யாண நாள் கொண்டாடுகிற ஜோடிகள். எல்லோருக்கும் போச்சு, போகட்டும் சொல்லிக் கொடுத்தோம். மலை முழுக்க அந்தக் குரல்தான். மாவட்டத்தில் கடைசியாக இருந்த நிலம் மாநிலத்திலேயே முதலாவதாக வந்தது. போஜண்ணன் கழுத்தில் விசில் மாட்டிக்கொண்டு, கூட்டத்தைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து இறக்கிவிட்டார். அவர் மருமகள்கூட ஒருநாள் வந்து இரண்டு புதரைப் பிடுங்கினாள்.

மூன்றாம் வருஷம் துடைப்பம் தீர்ந்துவிட்டது. அவ்வளவு பேர் கை பட்டால் எது மிஞ்சும்? மண்ணுக்குள் தூங்கிய விதை முளைத்து இரண்டு இலை விட்டால் போதும், அதற்கு ஏழு பேர் போட்டி. பிடுங்க ஒன்றும் இல்லாமல் ஒரு கூட்டம் வந்தது. அரை மணி நேரம் நின்றது. காடு எங்கே என்று கேட்டது. படம் எடுத்துக்கொண்டு போயிற்று. அடுத்த வாரம் வண்டிகள் வரவில்லை.

நாங்கள் மூன்று பேரும்கூட நின்றுவிட்டோம். வேலை இல்லாமல் எதற்குப் போவது? சுபைதா ஞாயிற்றுக்கிழமையும் டூட்டி போட்டுக்கொண்டாள். போஜண்ணன் வீட்டில் உட்கார்ந்து டீவி பார்த்தார். ஒருநாள் கடைக்கு வந்து, "ஞாயித்துக்கிழமைன்னா பயமா இருக்கு அம்மிணி" என்றார். ஆறு வர்க்கி வாங்கிக்கொண்டு, அதை எடுக்க மறந்துவிட்டுப் போனார்.

ஒரு புதன்கிழமை, மின்சாரம் இல்லாததால் அடுப்பை நிறுத்தி வைத்திருந்தோம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. தனியாக சில்லமட்டத்துக்குப் போனேன். பாயை விரித்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். பழக்கத்தில் கண் இடது பக்கம் போனது. ஒன்றுமில்லை. பாறை ஓரம் போனது. அங்கும் ஒன்றுமில்லை. கண்ணுக்கு நிற்க இடமில்லாமல் புல்லின் மேலேயே போய்க்கொண்டிருந்தது. காற்று வந்தபோது மொத்த மேடும் ஒரு பக்கம் சாய்ந்து, வெளுத்து, மறுபடி பச்சையானது. அடியில் அந்தச் சின்னப் பூக்கள் எத்தனை நிறம் என்று அன்றுதான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது. இவ்வளவு நாள் இந்த மலையை நான் பார்த்ததே இல்லை, களையை மட்டும்தான் பார்த்திருக்கிறேன்.

மணிக்கட்டு அதிர்ந்தது. நிற்கவில்லை. எழுந்து கீழே இறங்கும்வரை அதிர்ந்துகொண்டே இருந்தது.

அடுத்த வாரம் மதிவதனி வந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்திருந்தது. அவள் வாயைத் திறக்கும் முன்பே நான் கேட்டேன். "என் பட்டையைப் பார்த்தியா?"

"பார்த்தேங்க மேடம். அந்த மாதிரி நான் எங்கயும் பார்த்ததில்ல. ஒரே ஆள்கிட்ட அவ்வளவு." அவள் குரல் தாழ்ந்தது. "ஆனா ஒரு ஆள் போதாதுங்க. சட்டம் ஆள் கணக்குப் பார்க்கும். ஒருத்தருக்கு ஒருநாளைக்கு இவ்வளவுதான்னு வரம்பு இருக்கு. இந்த வருஷம் போச்சு. இன்னும் ஒரு வருஷம் கெடு வாங்கி வச்சிருக்கேன். அதுக்கு மேல என்னால முடியாது."

"மத்தவங்களையும் உட்கார வச்சுப் பார்க்கலாம். பழகினா வரும்."

"உங்களுக்கு எத்தனை வருஷம் ஆச்சு மேடம்?"

மரியதாஸ் அவளுக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

"மத்த மலையில எல்லாம் எப்படி?" என்றேன்.

"சில இடத்துல துளி குறையறதே இல்லீங்க. அங்கெல்லாம் எவ்வளவு பிடுங்கினாலும் களை தீர மாட்டேங்குது." கோப்பையைப் பார்த்தபடி சொன்னாள். "ஏன்னு நான் கேக்கறதில்ல."

அவள் போன பிறகு வெகுநேரம் அதே நாற்காலியில் இருந்தேன். தகரக் கூரைகள் வந்தால் புல் போய்விடும், திரும்பாது. துடைப்பம் வந்தால் புல் பாதி போகும், பாதி இருக்கும், பிடுங்குகிறவர்கள் இருக்கிற வரையில். இதில் யோசிக்க எதுவும் இல்லை. யோசிக்க எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை.

எஸ்டேட் சாலை ஓரத்தில் துடைப்பம் இன்னும் இருந்தது. காய் முற்றி, வெயிலில் தானே வெடித்துக்கொண்டிருந்தது. போஜண்ணனையும் சுபைதாவையும் கூப்பிட்டுச் சொன்னேன். சுபைதா எதுவும் கேட்கவில்லை. போஜண்ணன் மட்டும், "நாமளேவா அம்மிணி?" என்றார். பிறகு அவரும் வந்து பறித்தார். விதையின் தோல் தடிமன், சும்மா போட்டால் முளைக்காது என்று எங்களுக்குத் தெரியும். எதிரியைப் பற்றி எங்களைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? கடையில் வெந்நீரில் ஊறப்போட்டேன்.

"என்ன பருப்பு இது?" என்றார் மரியதாஸ்.

"உன் வேலையைப் பாரு" என்றேன். என் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் அவர் கேட்கவில்லை.

மழை தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு மூன்று பேரும் ஏறினோம். விதை வர்க்கி கவர்களில் இருந்தது. புல் அந்தப் புதன்கிழமை போலவே இருந்தது. நான் அதைப் பார்க்காமல் நடக்க முயன்றேன். எங்கே போடுவது என்று போஜண்ணன் விசில்காரர் தோரணையில் திட்டம் போட்டார். சோலைக்குப் பக்கத்தில் வேண்டாம், ஊற்றுக்கு மேலே வேண்டாம், வண்டி நிற்கிற பக்கம் போட்டால் வருகிறவர்களுக்குச் சுலபம். பேசப் பேச அவர் குரலில் பழைய தெம்பு வந்துகொண்டிருந்தது.

"இந்த மேட்டுல அடர்த்தியாப் போட்டா கம்பெனிக்காரங்களுக்கு ஆகும். அந்தப் பக்கம் நம்ம மூணு பேருக்கு" என்றார்.

"எனக்குப் பாறை ஓரம் வேணும்ணா" என்றாள் சுபைதா. "அங்கதான் மண்ணு இளக்கம். எனக்கு முதுகு தாங்காது."

சுபைதாதான் முதலில் வீசினாள். அப்புறம் அவர். என் கவரை நான் கடைசிவரை பிடித்துக்கொண்டிருந்தேன். என் இடத்துக்கு வந்து, பாயை விரித்த அந்த இடத்தில் நின்று, கவிழ்த்தேன். கறுப்பு விதைகள் புல்லுக்குள் இறங்கி மறைந்தன. அவற்றில் பாதி நாங்கள் மூவரும் செத்த பிறகும் முளைக்கும்.

"போச்சு" என்றேன்.

எதிர்மலையின் ரீங்காரம் மட்டும் கேட்டது. பிறகு போஜண்ணன், "போகட்டும்" என்றார். சுபைதாவும் சொன்னாள்.

சொன்ன அதே நொடியில் அவள் தன் மணிக்கட்டைப் பார்த்தாள். போஜண்ணனும் பார்த்தார். இரண்டு பேரும் சட்டென்று கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு, தப்பு செய்தவர்கள் போல என்னைப் பார்த்தார்கள். வாரா வாரம் ஒன்றாக ஏறிவர அவர்களுக்கு மறுபடி ஒரு காரணம் கிடைத்துவிட்டது. எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை.

"பரவாயில்லண்ணா" என்றேன். "அதிர்ந்தா அதிரட்டும். துளி துளிதானே."

என்னுடையது மட்டும் சும்மா இருந்தது.